நடுக்கடலில் ஓர் அமாவாசை

காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்டது யார் தப்பு என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் முடிவு வரவில்லை. போட்டது மகள். எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசாம். அந்தமானில், ஆள் குடியில்லாத தீவுகளைச் சுற்றிக் காட்டும் சின்னக் கப்பலில் ஐந்து நாள். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினாலே "கடலு மாரி கீது" என்று வாயைப் பிளக்கிற திருமழிசைக்காரன் நான். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினேன்.

ஏறின பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. அடிமணல் தெரிகிற தண்ணீர். ஆமை தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டுவிட்டு, நம்மைச் சட்டை பண்ணாமல் முங்கிப் போகிறது. காடு கரை வரைக்கும் இறங்கிவந்து வேரைக் கடலில் நனைத்துக்கொண்டு நிற்கிறது. கப்பலின் மூக்குக்கு முன்னால் டால்பின்கள் ஓடிவந்த காலையில், என் மனைவி சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அமாவாசை. அவளுடைய அப்பா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இவள் ஒரே பெண். மாதாமாதம் அமாவாசைக்குச் சமைத்து, மொட்டைமாடியில் காக்காய்க்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் கை நனைப்பாள். அன்றும் கப்பல் சமையல்காரரிடம் கெஞ்சி, வெங்காயம் போடாத சாம்பாரும் சோறும் வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய் "கா... கா..." என்று கூப்பிட்டாள். என்னமோ ஏதோவென்று மற்றவர்கள் கேமராவும் பைனாகுலருமாக ஓடிவந்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

சுற்றிலும் தண்ணீர். கரையே கண்ணில் படவில்லை. காக்காய் எங்கிருந்து வரும்? பறந்தவை எல்லாம் ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகள்.

"அதுங்களுக்காவது வெக்கிறேன்" என்று ஒரு பிடி சோற்றை எடுத்தாள். பறவைகளைக் காட்டி விளக்கம் சொல்வதற்கென்றே கப்பலில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருந்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இங்க எந்தப் பறவைக்கும் நாம சாப்பாடு போடக்கூடாது. அதுகளுக்குத்தான் கெடுதல்."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே, மத்தியானம் ஆவுது. சுகர் மாத்திர போட்டுட்டு வெறும் வயித்தோட கீறியே" என்றேன்.

"நீ போய்த் துன்னு. எனுக்கு வாணாம்."

கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இங்கே மயங்கி விழுந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது? பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உங்கப்பா வந்து கேட்டாரா உன்ன?" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் சற்றுத் தள்ளிக் கடல் உலைநீர்போலக் கொதித்தது. சூரை மீன்கள் கீழிருந்து துரத்த, பொடிமீன்கள் கூட்டமாகத் துள்ளின. ஆலாக்கள் எங்கெங்கிருந்தோ வந்து செங்குத்தாக விழுந்து விழுந்து அள்ளின.

"எல்லாம் நெத்திலி" என்றார் தூத்துக்குடிக்காரர்.

அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நெத்திலியா? எங்கப்பா உசுர உடுவாரு அதுக்கு" என்றாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். "கடைசில டாக்டரு மீனே குடுக்காதீங்கன்னுட்டாரு. அப்பா ஒரே ஒரு வாட்டி குடும்மான்னு கேட்டுகினே இருந்தாரு. நான் குடுக்கவேயில்ல."

எனக்கு இது தெரியாது.

மீன்கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. ஓர் ஆலா மட்டும் வயிறு நிரம்பி, எங்களுக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டது.

"அமாவாசையும் அதுவுமா மீனு துன்னுகிறாரு பாரு. சொன்ன பேச்சக் கேக்குற ஆளா அவரு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னவள், ஆறிப்போன சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.