அடங்கலில் தரிசு

திண்டிவனம் பக்கத்தில் ஓர் ஊருக்கு நான் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருஷாவருஷம் அடங்கல் என்ற கிராமக் கணக்கில் எழுத வேண்டும். வயல் வயலாக நடந்து பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போன வருஷத்தைப் பார்த்து எழுதுவது என் வழக்கம். பேங்க் கடனுக்காக நகல் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் சரிபார்த்து எழுதிக் கொடுப்பேன்.

ஏரிக்கு மேற்கே கணவனை இழந்த ஓர் அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் அது சும்மா கிடந்தது. ஊரே காய்ந்து கிடந்ததால் போய்ப் பார்க்காமலே தரிசு என்று எழுதினேன். உண்மைதான். அடுத்த வருஷம் அவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். நான் தரிசு என்றே எழுதினேன். அதற்கடுத்த வருஷங்களிலும் அதேதான். கடன் வாங்குகிற ஆள் இல்லை அவர். நகல் கேட்டு வரவே இல்லை.

அப்போது சென்னைப் பக்கம் கார் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கமும் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்பேட்டை என்றார்கள். நிலத்தை அரசாங்கமே எடுத்து, ரோடும் கரண்டும் போட்டுக் கம்பெனிகளைக் கூப்பிடும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். பயிர் வைக்கிற நிலத்தைத் தொடாதே, தரிசை மட்டும் எடு என்று மேலிருந்து உத்தரவு. நல்ல உத்தரவு. எது தரிசு என்று என் அடங்கலைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

ஆட்சேபணை விசாரணைக்கு அந்த அம்மா வந்தார். வேரோடு பிடுங்கிய நாலு மல்லாட்டைச் செடிகளை அதிகாரியின் மேசை மேல் வைத்தார்.

“தரிசுல இதெல்லாம் மொளைக்குமா சார்?”

“நோட்டீஸ் வந்ததும் விதைச்சிருப்பீங்க. எல்லாரும் பண்றதுதான்மா” என்றார் அதிகாரி.

“வருஷா வருஷம் போட்டுக்கினுதான் இருக்கேன். இதோ, இவரையே கேளுங்க.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “வயலைப் பாத்துதான எழுதினீங்க?”

ஆமாம் என்றால் அந்த அம்மாவின் நிலம் போகும். இல்லை என்றால் என் வேலை போகும்.

“பாத்துதான் சார் எழுதினேன்.”

அந்த அம்மா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. செடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  எனக்குத்தான் என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அந்த நிலத்துக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு ஏக்கரும் பச்சை. அவர் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அதான் எடுத்துக்கப் போறாங்களேம்மா. இன்னும் எதுக்குக் களை?” என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வாயில் வந்தது இது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். செடிய மிதிச்சிக்கினு நிக்கிறீங்க.”