காளையின் முதுகில் இரண்டு சுழி

ஒரு காளைக்கு முடி வைப்பதிலேயே நான்கு மாதம் போய்விட்டது. படத்தில் அது தலையைச் சிலுப்பிக்கொண்டு ஓடி மறைவது எண்ணி ஆறே விநாடி. துவாக்குடிப் பக்கம் இருக்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்றுக்காக, ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் விலங்குகளுக்கு முடி வைப்பதுதான் என் பிழைப்பு. சாஃப்ட்வேரோடு வரும் மாதிரிகள் எல்லாம் குளிர்தேசத்துப் பிராணிகள், புசுபுசுவென்று. நம் ஊர் மாட்டுக்கு முடி தோலோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் பகுதி பகுதியாக நானே நட்டு, நானே சீவிவிட வேண்டும். அம்மா மண்டபம் சாலையில் நின்ற ஒரு பசுவின் முதுகைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் பக்தி என்று நினைத்து, "நல்லா தொட்டுக் கும்பிட்டுக்கங்க" என்று வழிவிட்டார்.

இத்தனை பாடுபட்டு அனுப்பினால், காளை திரும்பி வந்தது. படக்குழுவில் மாடுகளைச் சரிபார்க்க ஒருவர் இருந்தார். மணப்பாறைப் பக்கம் மாடு வளர்க்கும் குடும்பம். வீடியோ காலில் வந்தார்.

"முடியெல்லாம் நெசமாட்டமே இருக்குங்க. ஆனா முதுகுல ரெண்டு பக்கமும் சுழி விழுந்திருக்கு பாருங்க. அது பாடைச் சுழி. இந்த மாட்டை வாங்குன வீட்டுல பாடை கட்ட வேண்டி வரும்னு சொல்வாங்க. இது ஹீரோ வீட்டுக் காளைங்க."

"நான் போடலைங்க. சீவும்போது தானா விழுந்தது."

"மாட்டுக்கும் தானாத்தாங்க விழுது," என்றார்.

எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. உடம்பு முழுக்க முடியை ஒரே வாட்டமாகச் சீவ முடியாது. எங்காவது மோதிச் சுழன்று நிற்கும். முதுகில் அழித்தால் இடுப்பில் விழுந்தது, இடுப்பில் அழித்தால் தோளில். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். ஏழு முறை அனுப்பினேன், ஏழு முறையும் வந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சுழி என்ற சொல்லே எனக்கு ஆகாது. என் உச்சந்தலையில் இரண்டு இருக்கிறது. இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். முதல் முறை பெண் பார்க்க வந்தபோது அம்மா அது தெரியாதபடி சீவிப் பூ வைத்துவிட்டாள். அந்தக் கல்யாணம் மூன்று வருடத்தில் கோர்ட்டில் முடிந்தது. அதற்குப் பிறகு, மறைத்ததையே ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ரயில்வே ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் தரகரிடம் போனில், "அவளுக்கு ரெட்டைச் சுழிங்க, ரெண்டாவதுதான் நிலைக்கும்" என்பாள்.

கரூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமாடி?" என்று வாராவாரம் கேட்பாள். இன்னொரு வீட்டில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. அதை அவளிடம் சொல்லவும் தெம்பில்லை. "காளை முடியட்டும்மா" என்றே நாளை ஓட்டினேன். காளை திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அலுப்போடு ஒரு நிம்மதியும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எட்டாம் முறை, முடி மோதுகிற இடமெல்லாம் கழுத்துப் பக்கம் போகும்படி சீவி, இரண்டு சுழியையும் மணிப் பட்டைக்கு அடியில் தள்ளினேன். "இப்பத்தாங்க வீட்டுக்கு ஆகுற மாடு," என்றார் மணப்பாறைக்காரர்.

அம்மா காபியோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அந்த ரெண்டு சுழி எங்கடி போச்சு?"

"எங்கயும் போகலம்மா. பட்டைக்கு அடியிலதான் இருக்கு. வெளியில தெரியாது, அவ்வளவுதான்." மவுஸை ஓரமாகத் தள்ளினேன். "அம்மா, என்னால முடியலம்மா. இனிமே யார் வீட்டுக்கும் போக மாட்டேன்."

அம்மா காபியை மேசையில் வைத்தாள். பின்னால் வந்து நின்று, என் கிளிப்பைக் கழற்றி, உச்சியில் முடியை விரலால் விலக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹாலுக்குப் போய்த் தரகருக்குப் போன் போட்டாள்.

"கரூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள். "நான்தான் இத்தனை நாள் தப்பா சொல்லிட்டேன். இப்பத்தான் நல்லாப் பார்த்தேன். அவளுக்கு ஒத்தைச் சுழிதாங்க."