கல்லில் எந்தச் சொல்?

காலை ஒன்பதரைக்கு எர்ணாகுளத்தில் இறங்கினேன். படகுத்துறையில் ஆறு ரூபாய் டிக்கெட். இருபது நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி. அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். பாளையங்கோட்டைக்காரியிடமா? அறுபதுக்கு ஏறி உட்கார்ந்தேன்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. கல்லூரித் தோழி ஸ்டெல்லா கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடமாகிறது. மிளகுக் கிடங்கில் வேலை பார்த்த அவள் கணவர் ஜெபராஜ் நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அன்றோடு அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இன்று மூன்று மணிக்குக் கல்லறைக் கல்லுக்கு வாசகம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர் கல்லறைகளில் 'நித்திரையடைந்தார்' என்றுதான் வெட்டுவார்கள். அவளோ 'இறந்தார்' போதும், நம்பாததைக் கல்லில் வெட்டமாட்டேன் என்று போனில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே ரயிலுக்கு டிக்கெட் போட்டேன்.

பதினொரு மணிக்கு ஸ்டெல்லா தன் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் என் முன்னால் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சாறா, ஆறுதலுக்கு ஒண்ணும் சொல்லாதட்டி. இயேசு உயிரோட எழுந்தாருங்கறது நெசமா? கோர்ட்டுல இருந்தவ, நீ சொல்லு."

நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தை முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் நான். பொய்ச் சாட்சியின் வாடை எனக்குத் தெரியும். அதை வைத்தே அவளுக்குச் சொன்னேன். காலியான கல்லறையை முதலில் பார்த்தவர்களாகச் சுவிசேஷத்தில் எழுதியிருப்பது பெண்களை. அந்தக் காலத்தில் பெண் பேச்சு சபை ஏறாது. கதை கட்டுகிறவன் அவர்களையா சாட்சிக்கு நிறுத்துவான்? சுவிசேஷம் எழுதிய நான்கு பேரும் சில்லறை விவரங்களில் ஒத்துப்போகவில்லை. அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனால்தான் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எங்கள் நீதிபதிகளுக்குச் சந்தேகம் வரும். கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கிய சீடர்கள் பிறகு அதே ஊர்த் தெருவில் நின்று பேசினார்கள். அடி வாங்கியும், சிலர் உயிரையே கொடுத்தும், மாற்றிச் சொல்லவில்லை.

பொய்க்காகவும் ஆட்கள் செத்திருக்கிறார்களே என்று மடக்கினாள். சரியான கேள்வி. பொய்யை மெய்யென்று நம்பிச் செத்தவர்கள் உண்டு. இவர்களோ கண்ணால் பார்த்தோம் என்றவர்கள், பொய்யாயிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும், தெரிந்தே எவன் உயிரைக் கொடுப்பான் என்றேன்.

மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அழுகை வந்துவிட்டது. அப்படியானால் என் வீட்டுக்காரரை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டாள். சப்பைக்கட்டு கட்ட மனம் வரவில்லை.

"எப்பன்னு எனக்குத் தெரியாதுட்டி. எழுப்புறவரு ஒருதரம் எழுந்து காட்டியிருக்காரு. அது நிச்சயம்."

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று மணிக்குப் பள்ளுருத்தியில் கல் வெட்டுகிறவர் கடைக்குப் போனோம். ஸ்டெல்லாவின் கையிலிருந்த தாளில் இரண்டு சொல்லும் இருந்தன. எது வேண்டும் என்று அவர் மலையாளத்தில் கேட்டார். அவருக்குத் தமிழ் எழுத்தைப் பார்த்து வெட்டத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அவள் நீளமான சொல்லின் மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினாள்.

அவர் உளியைக் கீழே வைத்தார்.

"நித்ரயோ? புள்ளிக்காரன் மரிச்சதல்லே, சேச்சி?"

மலையாளத்தில் நித்ர என்றால் தூக்கம், அவ்வளவுதான். செத்த மனிதருக்கு ஏன் தூக்கம் என்று எழுதச் சொல்கிறாள், தப்பாக இருக்குமோ என்று அவருக்குக் குழப்பம். நான் விளக்க வாயெடுத்தேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மரிச்சது தன்னே, சேட்டா," என்றாள். "பக்ஷே விளிச்சு எணீப்பிக்கான் ஆளுண்டு."

செத்தது உண்மைதான், ஆனால் கூப்பிட்டு எழுப்ப ஆள் இருக்கிறது என்கிறாள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ கல்லில் வாசித்திருக்கிறேன். அதில் தூக்கம் என்று ஒன்று இருப்பது இத்தனை வருடமாக எனக்கு உறைக்கவே இல்லை.