கத்திரிக்கென்று ஒரு பத்தி

எங்கள் வாரப் பத்திரிகையில் அவளுக்குப் ‘பத்துப்பக்கம்’ என்று பெயர். குழாய் உடைந்ததைப் பற்றி எழுதச் சொன்னாலும் பத்துப் பக்கத்தோடு வந்து நிற்பாள். பக்கம் வடிவமைக்கிற எனக்கு அவள் எழுத்து பெரிய தலைவலி. இடம் போதாவிட்டால் கட்டுரையை வாலிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். அது தெரிந்து, செய்தியையெல்லாம் மேலே வைத்துவிட்டு, வெட்டுவதற்கென்றே கடைசியில் ஒரு பத்தி எழுதுவாள். மழைக்கு முந்தைய வானம், யாரோ மறந்துவிட்டுப் போன குடை, இப்படி ஏதாவது இருக்கும்.

“அண்ணே, இது உங்க கத்திரிக்கு” என்பாள்.

இருபது வருடமாக அந்தப் பத்திகளுக்கு நான் ஒருவன்தான் வாசகன். படித்துவிட்டுத்தான் வெட்டுவேன். கொஞ்ச நேரம் எங்கோ மிதக்கிற மாதிரி இருக்கும்.

புது ஆசிரியர் வந்தார். நீளக் கட்டுரைகள் போய், கேள்வி பதில், ‘தெரிந்துகொள்ள ஐந்து’, படத்துக்குக் கீழே நாலு வரி என்று பத்திரிகையே வேறாகிவிட்டது. “பத்துப்பக்கம் இனி கால்பக்கம்” என்று ஆபீஸே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அவள், நாற்பது நாளாகத் தண்ணீர் வராத ஒரு தெருவுக்காக மூன்று வாரம் அலைந்திருந்தாள். அங்கே ஒரு தையல்காரம்மா, “பத்திரிகையில வந்தாத்தாம்மா எங்களுக்கு விடிவு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். கட்டாயம் வரும் என்று இவளும் சொல்லிவிட்டாள்.

ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போதும் என்றார். நூற்றிருபது வார்த்தை. மதியச் சாப்பாட்டு மயக்கம். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து எழுத்துகள் கரைந்துகொண்டிருந்தன. கடைசிப் பத்தியைப் படித்தேன். வறண்ட தொட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் மெல்லக் கத்த, தொட்டி அதைப் பெரிய குரலாக்கித் தெருவுக்குச் சொன்னது. போகிறவர்கள் நின்று கேட்டார்கள். அந்தக் குரலிலேயே சொக்கிப்போய், மேலே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துவிட்டேன். அப்படியே அச்சாகிவிட்டது.

“என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்று அழுதாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கடிதங்கள் குவிந்தன. எல்லாம் பூனைக்குட்டிகளை விசாரித்து! தண்ணீரைப் பற்றி ஒரு ஆள் கேட்கவில்லை. ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். “வாராவாரம் இதே மாதிரி எழுதுங்கம்மா. இனிமே இதுதான் உங்க பகுதி” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தாள். தையல் மெஷின் மேல் தலைசாய்த்துத் தூங்கும் ஒரு பெண்ணின் மதியம். சரியாக நூற்றிருபது வார்த்தை. கீழே வழக்கம்போல இன்னொரு பத்தி. அதில் தெருவின் பெயர், நாற்பத்தேழு நாள், எந்த வால்வை யார் சொல்லி மூடினார்கள், எந்த அதிகாரி மனுவை வாங்க மறுத்தார், எல்லாம் இருந்தது.

“அண்ணே, இது உங்க கத்திரிக்கு” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் வெட்டவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்தேன், வரிகளை நெருக்கினேன். இரண்டும் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டன. ஆசிரியர் பெட்டியின் அளவை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வந்ததும் அவள் ஜன்னலோரம் நின்று கண்ணைச் சுருக்கினாள். “என்ன அண்ணே, எழுத்து இவ்வளவு பொடிசா இருக்கு?”

“படிம்மா முதல்ல.”

படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. என் மேஜையிலிருந்து இன்னொரு இதழை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பரவாயில்லை, அந்தம்மா கண்ணாடி போடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.