துரை வீட்டு ஜன்னலில் ஏறிய தாமசின்

ஹார்ல்கோட் கிராமத்தில் தாமசின் கிரெக் காய்ச்சும் பார்லி பீருக்கு அடுத்த ஊரிலிருந்தும் ஆள் வரும். அவள் வாயைத் திறந்தால் வந்த ஆள் குவளையை வைத்துவிட்டு ஓடிவிடும். புருஷன் காய்ச்சலில் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஓர் அண்டாவும், மேரிகோல்டு என்ற பசுவும்தான். சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது. பசு மேய்ந்தது ஊர்ப் பொதுப் புல்வெளியில்.

அந்தப் புல்வெளியைத்தான் கேஸ்கின் துரை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். முதலில் முள்வேலி போட்டார். பிறகு தன் வீட்டை வேலிக்குள் நீட்டி, கண்ணாடி ஜன்னல் வைத்து ஒரு விருந்துக்கூடம் கட்டினார். ஊரின் பழைய எல்லைக்கோடு அந்தக் கூடத்தின் நடுவே போனது.

வசந்தத்தில் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். பாதிரியார் பைபிள் சங்கீதம் பாடிக்கொண்டு முன்னால் போவார். மற்றவர்கள் எல்லைக்கற்களைக் குச்சியால் தட்டிக்கொண்டு பின்னால் போவார்கள். வரைபடம் இல்லாத ஊரில் கால்தான் சாட்சி. நடந்த இடம் வரை ஊருடையது. ஒதுங்கிப் போனால், நடக்காமல் விட்ட நிலத்தை நாளை எந்த வழக்கிலும் கேட்க முடியாது.

அந்த வருஷம் ஊரை எல்லைக்கோட்டிலிருந்து திருப்பிவிட, வேலிக்கு இந்தப் பக்கம் துரை விருந்து மேசை போட்டிருந்தார். பொரித்த மாட்டுக்கறி வாசனை காற்றில் வந்தது. பாதிரியாரின் கால் தானாக மேசைப் பக்கம் திரும்பியது.

"கல்லு அங்கதானே இருக்கு பாதிரியாரே? கால் ஏன் இங்க இழுக்குது?" என்றாள் தாமசின்.

"அது துரை வீடும்மா."

"போன வருஷம் அதே இடத்துல என் மாடு சாணி போட்டுச்சு. அப்ப வீடு எங்க போயிருந்துச்சு?"

கூட்டம் சிரித்தது. நெசவுக்கார கில்பர்ட் மட்டும் அவள் காதோரம் வந்தான். "அக்கா, கறி ஆறுது. சும்மா வாயேன்."

"தின்னுடா தம்பி. நாளைக்கு உன் ஆட்டுக்கு எதைப் போடுவே? துரை வீட்டு மேசை விரிப்பையா?"

துரையே கூடத்தின் கதவைத் திறந்து வெளியே வந்தார். "உள்ள கால் வெச்சே, மாஜிஸ்திரேட்டுகிட்ட இழுத்துருவேன். இங்க மாஜிஸ்திரேட் யாருன்னு தெரியுமில்ல? நான்தான்!"

"ரொம்பத் தூரம் இழுக்க வேணாம், சௌகரியம்தான். தள்ளுங்க துரை."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியையும் அவரையும் தாண்டி உள்ளே போனாள். சேறு அப்பிய மரக்கட்டைச் செருப்பு கம்பளத்தில் வழிநெடுகத் தடம் பதித்தது. எதிர்ச்சுவரில் ஜன்னல். கொக்கியை நீக்கி ஏறினாள்; பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. துரைசானி அலறினாள். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால் கில்பர்ட், வாயில் கறித்துண்டோடு.

"மூச்சை இழுத்துப் பிடி அக்கா!"

அவள் அந்தப் பக்கம் விழுந்தாள். அவன் குதித்தான். பிறகு ஊரே குதித்தது. கடைசியாகப் பாதிரியார், அங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, விட்ட அடியிலிருந்து சங்கீதத்தைத் தொடர்ந்தபடி ஜன்னலில் ஏறினார்.

துரை சொன்னதைச் செய்தார். தாமசினைச் சந்தையில், கால்களை மாட்டும் தண்டனைக் கட்டையில் பூட்டிப் பகல் முழுக்க உட்கார வைத்தார். ஊரார் அவளுடைய பீரையே கொண்டுவந்து கொடுத்தார்கள். "எவன்டா அண்டாவைத் தொட்டது? அடி வண்டலக் கலக்கிட்டீங்களே!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டினாள்.

புல்வெளி வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போனது. "எல்லையில் நடந்தீர்களா?" என்று கேட்டார்கள். நடந்தோம் என்று பாதிரியார் முதல் ஆளாகச் சத்தியம் செய்தார். வேலி பிடுங்கப்பட்டது. கூடம் மட்டும் நின்றது. அதன்பின் வருஷந்தோறும் எல்லை நடக்கும் நாளில் துரை வீட்டு வேலைக்காரர்கள் கம்பளத்தைச் சுருட்டி வைத்து, ஜன்னலைத் திறந்து விடுவார்கள்.

மற்ற நாட்களில் மேரிகோல்டு அந்தச் சுவரில்தான் முதுகு சொறியும். துரைசானி ஜன்னலில் நின்று விரட்டுவாள்.

"நல்லாத் தேய்ச்சுக்கடி," என்பாள் தாமசின் பசுவிடம், துரைசானி காதில் விழும்படி. "பாதிச் சுவரு நம்மளது."