பள்ளுப் பாட்டில் விட்டுப்போன இடம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பள்ளுப் பாட்டு ஒன்றைப் பொங்கல் விழாவில் நடித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தவளே என் ரயில் தோழிதான். தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நாங்கள் வேலைக்குப் போகும் பெங்களூரு ரயிலில் தினமும் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள்.

பங்காருபேட்டை வருவதற்குள் ஒரு பகுதி என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்தோம். கவிஞர் நெல் வகைகளை அடுக்குகிறார், மாட்டு வகைகளை அடுக்குகிறார், மூச்சு வாங்குவதே இல்லை. நாற்று நடுவதைக் கண்ணால் பார்த்திராத சுரங்க ஊர்க்காரிகள் நாங்கள், வாய் சுளுக்கச் சொல்லிச் சிரித்தோம். நடுவில் ஓரிடத்தில் பண்ணைக்காரர் உழவனின் காலை மரக்கட்டையில் மாட்டிவிடுகிறார். அவன் மனைவி கெஞ்சி மீட்கிறாள். அந்த மனைவி நான். கவிஞர் அதையும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார், நாம் சிரிப்பில்லாமல் செய்வோம் என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த இடத்துக்காகத்தான் அப்பாவை விழாவுக்கு அழைத்துப் போனேன். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர், விழா என்றாலே நழுவிவிடுவார். வேலைக்கு வரவில்லை என்று அவருடைய அப்பாவை ஒருகாலத்தில் ஆற்காட்டுப் பக்கம் ஒரு நிலக்காரர் புளியமரத்தில் கட்டிவைத்தார். அவிழ்த்துவிட்டதும் தங்கவயலுக்கு ஓடிவந்தவர்தான் என் தாத்தா. எங்கள் வீட்டுக்கு வெளியே யாரும் சொல்லாத கதை அது. நாலு பேர் முன்னால் அப்படியொன்று பேசப்படுவதை அப்பா ஒருமுறை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தாத்தாவைக் கட்டிவைத்த மாதிரி ஓர் இடம் வரும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

மேடையில் அவள்தான் கதை சொன்னாள். நெல்லுக்குக் கைதட்டல், மாட்டுக்குச் சிரிப்பு. என் முறை வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டி, நேரே நடவுக்குப் போய்விட்டாள். எழுந்தவள் மரம் மாதிரி நின்றேன்.

இறங்கியதும் கேட்டேன். முன்வரிசையில் அவள் பெரியப்பாவும் கடைத்தெருப் பெரியவர்களும் இருந்தார்களாம்.

"பொங்கலும் அதுவுமா எதுக்குடி அந்த அழுக? நேத்து காலையிலயே எடுத்துட்டேன். சொன்னா நீ வரமாட்டேன்னுதான் சொல்லல."

நேற்று மாலை ரயிலில் அந்த இடத்தை முழுசாக நடிக்கவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் இவள். அந்தக் கவிஞர் மேல்கூட எனக்கு இத்தனை கோபம் இல்லை. சிரித்துக்கொண்டாவது அவர் எழுதி வைத்தார்.

கூட்டம் கலைந்தும் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாம்மா, முடிஞ்சிடுச்சா?" என்றார். "எங்கப்பாவக் கட்டி வெக்கிற எடம் இன்னும் வரலையே."