வாங்கிப் போகாத சட்டை

என் பெரியம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள். இடுப்பைத்தான் பார்ப்பாள். தெருவில் எதிரே வருகிறவர்கள் அவளைக் கண்டதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்வார்கள். ஒரு பிரயோசனமும் இல்லை. அவள் கண்ணுக்கு டேப்பே வேண்டாம். "போன தடவைக்கு இப்ப ரெண்டு விரல் கூடியிருக்கீங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவாள். தையல்காரிக்கு இதில் என்ன கூச்சம்?

வீட்டின் முன்னறைதான் கடை. மாடியில் அப்பா, அம்மா, நான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் வெயில் தையல் மெஷின்மேல் சாய்ந்து விழும். அந்த வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். பெடல் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்து, மெதுவாகி, நின்றுபோகும். நின்றால் பெரியம்மா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்ளலாம். கால் பெடல்மேல், கை துணிமேல். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா வருவார்.

கனவில்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கனவு என்று சொன்னதில்லை. "இன்னிக்கு வந்தாரா அக்கா?" என்று அம்மா மாடிப்படியிலிருந்து கேட்பாள், தபால்காரரை விசாரிப்பது மாதிரி. "வந்தாரு. வாசல்லயே நின்னாரு. டேப்பை எடுக்கறதுக்குள்ள போயிட்டாரு" என்பாள் பெரியம்மா. வந்தவர் பேசவில்லை என்றுகூட அவளுக்கு வருத்தமில்லை. அளவெடுக்க விடாமல் போகிறாரே என்பதுதான் குறை.

பெரியப்பா ராணுவத்தில் இருந்தார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. கல்யாணமான புதிதில் லீவுக்கு வந்தவர், சீருடைச் சட்டையில் பக்கத் தையல் விட்டிருந்ததைக் காட்டி, "தைச்சு வை, அடுத்த லீவுல வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். "நீங்களே வந்து போட்டுப் பாத்து வாங்கிக்கணும், ஆமா" என்று பெரியம்மாவும், மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்வதையே அவரிடமும் விளையாட்டாகச் சொன்னாளாம். அடுத்த லீவுக்குப் பதிலாகப் போர் வந்தது. அவர் எதிரிகளிடம் பிடிபட்டதைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். போர் முடிந்து கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது மற்றவர்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. காணவில்லை என்றார்கள், அவ்வளவுதான்.

பெரியம்மாவின் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தைக்கக் கொடுத்தவர் நேரில் வந்து போட்டுப் பார்க்காமல் துணி வெளியே போகாது. புருஷனின் சட்டையைப் பெண்டாட்டி வந்து கேட்டால்கூடத் தரமாட்டாள். "உடம்பு வரட்டும்" என்பாள். வந்த உடம்புக்குச் சட்டை பொருந்தவும் வேண்டும், பொருந்தாவிட்டால் அவளைப் பொறுத்தவரை அது தைத்த சட்டையே இல்லை. சொந்தப் புருஷனுக்கும் அதே கட்டுப்பாடுதான். அவருக்கு வயசு ஏறுமே, இடுப்பும் ஏறுமே. இத்தனை வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிற மனுஷனிடம் பட்டன் எட்டாத சட்டையை நீட்டினால் கடை மானம் என்ன ஆவது?

அவருக்குப் பதிலாக அளவு கொடுத்தவர் என் அப்பா. பெரியப்பாவுக்கு அடுத்த தம்பி. இரண்டு பேரும் ஒரே வார்ப்பு என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பெரியம்மா டேப்போடு மாடியேறி வருவாள்.

"தம்பி, கையைத் தூக்குங்க."

"என்ன அண்ணி இது? சாப்பிடறது நானு, பெருக்கறது அண்ணனா?"

"வயித்தை உள்ள இழுக்காதீங்க. அவர் இழுக்க மாட்டாரு."

முதலில் உள்மடிப்பைப் பிரித்து விட்டுப் பார்த்தாள். மடிப்பு தீர்ந்ததும் அதே நிறத் துணி வாங்கி, அக்குளிலிருந்து கீழ்வரை பட்டியாக வைத்துத் தைத்தாள். பழைய துணி வெளுத்துவிட்டது, பட்டி பச்சையாக இருந்தது. அப்புறம் அந்தப் பட்டியும் வெளுக்க, பக்கத்தில் இன்னொரு பட்டி ஏறியது. அப்பாவின் தொப்பைக்குச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறாள் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தச் சட்டை கடையை விட்டு வெளியே போகும், அதுவும் பெரியம்மா கையோடு போய் அவள் கையோடு திரும்பிவிடும். பிடிபட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் கௌரவிப்பதற்கென்று முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் வருஷா வருஷம் ஒரு கூட்டம் நடக்கும். அவர்களுக்கென்று மேடையில் நாற்காலி போட்டுக் காலியாக விடுவார்கள். அந்தந்த வீட்டார் தங்கள் ஆளின் உடுப்பை நாற்காலி முதுகில் மாட்டுவார்கள். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குப் பேசித் தீர்ப்பார்கள். மைக்கைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் நாற்காலிகளுக்காகப் போவேன். மின்விசிறிக் காற்றில் சட்டைக் கைகள் மெல்ல அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால், நம்மைக் கண்டுகொள்ளாமல் அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு அது பிடிக்கும்.

புதிதாக வந்த செயலாளர் நல்ல மனுஷர். நல்லது செய்கிறேன் என்று கிளம்பியதுதான் வினை. "வருஷத்துல ஒரு நாள் போதுமா? எப்பவும் எல்லாரும் பாக்கணும்" என்று கண்ணாடிப் பெட்டிகள் செய்வித்தார். உடுப்புகளைப் பொம்மைகளுக்குப் போட்டுக் கூடத்தில் நிரந்தரமாக நிறுத்துவது என்று ஏற்பாடு. கூட்டத்தன்று காலையில், "எப்படி இருக்குன்னு போட்டுப் பாக்கலாம்மா" என்று பெரியம்மாவிடம் கை நீட்டினார். போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவருக்குச் சட்டையைத் தராமல் அவளுக்குப் பழக்கமில்லை. தந்துவிட்டாள்.

பொம்மை துணிக்கடைப் பொம்மை. இடுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கடைசிப் பட்டனைப் போட்டதும் சட்டை இரண்டு பக்கமும் மூட்டையாகத் தொங்கியது.

"அம்மா, வேற யாரோடதையோ மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க போலிருக்கு."

"அவரோடதுதாங்க. இப்போதைய அளவு."

பெரியம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா எழுந்து நின்று தன் வயிற்றைத் தட்டிச் சாட்சி சொன்னார். கூடம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எதிரி முகாமில் கைதியாக இருந்து திரும்பி வந்தவர், முகாம்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். எழுந்து வந்து அந்தப் பட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அங்க யாரும் பெருக்க மாட்டாங்க. நாங்க வந்து இறங்கினப்போ சட்டைக்குள்ள ஆளைத் தேடணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பெரியம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது பெரியப்பாவின் நாற்காலி. எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"பட்டினி கிடந்திருப்பாரா? நான் பாட்டுக்குத் துணியை வச்சு வச்சுப் பெருசாக்கிட்டே இருந்திருக்கேனே."

பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். முகாம்காரரை நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது கேட்க முடியவில்லை.

செயலாளர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "விடுங்கம்மா. பழைய அளவுக்கே பிடிச்சுத் தைச்சுக் குடுத்துடுங்க. பெட்டியில அந்த வயசுலயே இருப்பாரு."

அந்த வயசிலேயே. பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழக்க தோஷம், நிமிர்ந்த கண் நேராக முகாம்காரரின் இடுப்புக்குப் போனது. லேசுப்பட்ட இடுப்பு இல்லை அது. அப்பாவே பக்கத்தில் நிற்க யோசிப்பார். பெரியம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க வந்தப்போ எப்படி இருந்தீங்க?"

"எலும்பும் தோலுமா இருந்தேம்மா."

"இப்ப?"

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார், ஏதோ இன்றைக்குத்தான் பார்ப்பது போல. "வீட்டுச் சாப்பாடும்மா. போதும் போதும்னாலும் வீட்ல விடலை. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு..."

"அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள் பெரியம்மா.

எழுந்து போய்ப் பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றினாள். செயலாளரிடம் கோபமே இல்லாமல் சொன்னாள். "மன்னிச்சுக்குங்க. இது என்கிட்ட தைக்கக் குடுத்த துணி. அவர் வந்து போட்டுப் பாக்காம நான் யாருக்கும் தர முடியாது." சட்டையை நாற்காலி முதுகில் மாட்டினாள். அதன் கையில் இருந்த சுருக்கத்தைச் செயலாளரே நீவி விட்டார். பெரியப்பாவின் பெட்டி காலியாகவே இருந்தது.

மறுநாள் மதியம் பெடல் சத்தம் நின்று வெகுநேரமாகியும் திரும்பக் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போனேன். பெரியம்மா தூங்கவில்லை. வெயிலில் உட்கார்ந்து, மடியில் அந்தச் சட்டையை வைத்து, இரண்டு பக்கமும் பட்டிகளை உள்ளே மடித்துக் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை பாதியாக ஒடுங்கியிருந்தது.

"பிடிச்சுட்டீங்களா? அப்போ பெட்டிக்குக் குடுத்துடப் போறீங்களா பெரியம்மா?"

"போடி பைத்தியம்" என்று நூலைக் கடித்தாள். முடிச்சுப் போடவில்லை. ஒரு இழுப்பில் வந்துவிடும்படி நுனியை நீளமாக வெளியே விட்டிருந்தாள். "சித்த முன்னாடி வந்தாருடி. ஓடலை. கையைத் தூக்கிட்டு நின்னாரு."

"அளவு எடுத்தீங்களா?"

"எடுத்தேன். ஒல்லியாத்தான் இருக்காரு." சட்டையை உதறித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "வந்து நிக்கிற அன்னிக்கு இது சரியா இருக்கும். அப்புறம் அவர் சாப்பிடச் சாப்பிட நான் நூலை உருவி விட்டுக்கிட்டே வருவேன்."